வலது மூலை

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஆறடிக்கு எட்டடி என் கடை.
ஜெராக்ஸ், பட்டா, சிட்டா, வில்லங்கம்,
பிறப்பு, இறப்பு,
இடையில் வரும் ஆதார் திருத்தம்.

எட்டு வருடமாகத் திரையின் வலது மூலையில்
சாம்பல் எழுத்தில் ஒரு வரி நிற்கிறது:
ஆக்டிவேட் செய்யவும்.
வட்டிக்காரர் மாதிரி சத்தம் போடாது.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கும் ஆள் மாதிரி
எதைத் திறந்தாலும் அதன்மேல் நிற்கும்.

திம்மராயன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு
மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடத்தை
திரையோடு படம்பிடித்து ஒட்டினேன்.
முந்நூறு பிரதியிலும் அந்த வரி அச்சாகிவிட்டது.
மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம்,
யாரை ஆக்டிவேட் பண்ணச் சொல்றீங்க?

விலை விசாரிக்காமல் இல்லை.
கிருஷ்ணகிரியிலிருந்து அப்சர் வந்தான்.
அசல்னா பதினோராயிரம்க்கா,
என்னோடதுன்னா ஐந்நூறு.
அந்த வாரம் பெங்களூரா மாங்காய்
கிலோ நாலு ரூபாய்.
கூழ் ஆலை வாசலில் தொடங்கிய டிராக்டர் வரிசை
ஆற்றுப்பாலம் தாண்டியிருந்தது.
மாங்காய்க்காரர் ஒருவருக்கு மனு அடித்துக்கொண்டே
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
இரண்டே முக்கால் டன்.
அவ்வளவையும் கொண்டுபோய்க் கொட்டினால்
மூலையில் ஒரு வரி அழியும்.

ஐந்நூறு கொடுத்தேன்.
மூன்று மாதம் மூலை காலி.
நாலாவது மாதம் ஆள் திரும்பி வந்தார்,
தனியாக வரவில்லை.
ஆயிரத்துச் சொச்சம் மனுக்கள்
ஒரே ராத்திரியில்
யாரும் திறக்க முடியாத பெயர்களுக்கு மாறிவிட்டன.

இந்த ஆடியில் திரை முழுக்க நீலம்.
இனி இதற்குப் பராமரிப்பு கிடையாது,
புதியதை ஏற்க இந்தக் கணினிக்குத் தகுதியில்லை.
தகுதியில்லை.
உதவித்தொகைக்கு, வீட்டுக்கு, கடனுக்கு
தினமும் நாலு பேருக்கு நான் அச்சடித்துக் கொடுக்கும் சொல்,
சூடாக, மடிக்காமல்.

அப்சர்தான் வேறொன்று கொண்டுவந்தான்.
காசு வேண்டாம்க்கா, இது யாருக்கும் சொந்தமில்ல.
நாலு நிமிடம் முனகித் திறக்கும் பெட்டி
நாற்பது நொடியில் விழித்தது.
தமிழ் அடித்தேன், வந்தது.
பிரிண்டரும் பேசியது.
பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல்
அன்று முழுக்க
அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாதம்மாள் வந்தாள், விரல் வைக்க.
கருவியில் சிவப்பு விளக்கு எரியவில்லை.
அதைச் செய்த கம்பெனிக்கு
பழைய முதலாளியின் பாஷை மட்டும்தான் தெரியும்,
இதற்கு இன்னும் எழுதவில்லையாம்.
அவளுக்கு எப்படிச் சொல்வது?
அழுத்திப் பார்த்தாள்.
முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள்.
வெளியே போய்க் குழாயில் கழுவிவிட்டு வந்தாள்.
கல்குவாரியில தேஞ்சுபோச்சு போல, என்றாள்.

இல்லைம்மா, உன் விரல் நல்லாத்தான் இருக்கு.

நம்பவில்லை.
கட்டைவிரலை வெளிச்சத்தில் நீட்டி
தப்பு செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

குழுவில் கடன் எடுத்தேன்.
புதுப் பெட்டி, அசல், பில்லோடு.
மூலை சுத்தம்.
விரல் வைக்க இருபது என்று எழுதியிருந்த அட்டையில்
இரண்டை மூன்றாக்கினேன்.
பேனா மை ஒத்துப்போகவில்லை, திருத்தியது தெரிகிறது.

மாதம்மாள் அட்டையைப் பார்க்கவில்லை.
விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.