முந்திய வாசிப்பு

சரவணைக்கு நான் முதலில் வந்தது மூன்று நாளைக்கு.
மீட்டர் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல்,
பதிலுக்குப் போய் வா என்றார்கள்.
மஸ்கெலியாவில் பிறந்த கால்கள்
ஏற்றம் தேடித் தேடி ஏமாந்தன.
இந்த ஊரில் மேடு என்றால் மதகு மட்டும்தான்.
தந்த சைக்கிளுக்கு பிரேக் இல்லை.
அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆம், ஒரு வருடம்.
காய்ச்சல்காரர் திரும்பி வரவில்லை.
கனடாவுக்குப் போய்விட்டாராம்.

முதல் நாள் தேநீர் தந்தார்கள்.
எங்கள் மலைத் தூள்தான்,
பெட்டியில் தோட்டத்தின் பெயரே இருந்தது.
சீனிப் போத்தலுக்குப் பதில்
உப்புப் போத்தலை எடுத்துவிட்டார்களோ என்று
மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன்.
பிறகுதான் தெரிந்தது,
அது கிணற்றின் வேலை.

வேலிக்கு மேலால் அன்னலிங்கம் கேட்டார்:
"தம்பி எவடம்?"
"மஸ்கெலியா."
"அது சரி, சொந்த இடம்?"
"மஸ்கெலியாதான்."
"ஓ…"
அந்த ஓ-வுக்கு ஒரு மீட்டர் பூட்டியிருந்தால்
எத்தனை யூனிட் ஓடியிருக்கும்!

பல வீடுகளில் வட்டு சுழல்வதில்லை.
கேற்றில் பூட்டு, பூட்டில் துரு,
மீட்டர் பெட்டிக்குள் குளவிக் கூடு.
முந்திய வாசிப்பு 4417.
இந்த மாத வாசிப்பு 4417.
பூச்சியத்துக்கும் நிலையான கட்டணம் உண்டு.
அதை யாரோ பாரிசிலிருந்து கட்டுகிறார்கள்,
ஒரு நாளும் பிந்தாமல்.

அப்படியொரு பூச்சியத்தில்தான் நான் குடியேறினேன்.
வாடகை வேண்டாம்,
யன்னலைத் திற, கிணற்றை இறை,
பின்வளவுப் பக்கம் பாம்பு, பார்த்து நட
என்றது தொலைபேசிக் குரல்.
பவளராணி அக்கா.
இங்கிலாந்தில் ஏதோ மூலையில் ஒரு கிராமம்,
அதில் ஒரே ஒரு கடை,
அதில் அவர்.

ஒருநாள் வீடியோவில் ஊரைக் காட்டினார்.
கல் மதில், மதிலுக்கு அப்பால் செம்மறிகள்,
மணிக்கூடு நின்றுபோன கோயில்,
குடை பிடிக்காமல் மழைக்குள் நாய் நடத்தும் ஒருவர்.
"நாளுக்கு ரெண்டு பஸ்தான் தம்பி."
"இங்கேயும் ரெண்டுதான் அக்கா."
"பால் வாங்க ஒரு கிழவர் வருவார்.
பத்தொன்பது வருசமாய் அதே கேள்வி:
உன்ரை ஊர் எது?
இதுதான் எண்டுவன்.
அது சரி, சொந்த ஊர்?"
சிரிக்கத் தொடங்கினோம்.
சிக்னல் போய்ப் படம் உறைந்தது,
அவர் வாய் திறந்தபடி,
என் சிரிப்பு மட்டும் வீட்டுக்குள் கேட்டது.

ஆடியில் வந்தார், பத்து நாளைக்கு.
தன் வீட்டுக் கேற்றைத் தானே தட்டினார்.
இரவு, விறாந்தையில் நின்றுகொண்டு
சுவரைத் தடவித் தடவிக் கேட்டார்:
"லைற் எங்கை போடுறது?"
அவர் போனபோது ஊருக்கே கரண்ட் இல்லை.
ஜாம் போத்தல் விளக்கோடு விட்டுப்போன வீடு.
பிறகு காசு அனுப்பி வயர் இழுத்திருக்கிறார்,
சுவிட்ச் எங்கே என்று
யாரும் எழுதவில்லை.
நான் காட்டினேன்.
அவர் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

காலையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.
ஒரு மடக்கு. முகம் சுருங்கியது.
"உப்பு" என்றார்.
என் கோப்பையை எடுத்துக் குடித்துப் பார்த்தேன்.
இன்னொரு மடக்கும்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார்.
சங்கக் கடை இடம் மாறி ஆறு வருடம்.
வழியில் அன்னலிங்கம் என்னை மறித்தார்:
"தம்பி, உங்கை நிக்கிறது ஆர்? எவடம்?"
"இந்த ஊர்தான் ஐயா."
"அது சரி…"
நான் நிற்கவில்லை,
சைக்கிளுக்குத்தான் பிரேக் இல்லையே.

பத்தாம் நாள் வான் வந்தது, போனார்.
முன்னறை விளக்கை அணைக்க மறந்திருந்தார்.
இரண்டு இரவு கழித்துத்தான் கண்டேன்,
பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.
விட்டு வைக்கலாமா என்று
ஒரு நிமிடம் நின்றேன்.
பிறகு அணைத்தேன்.
மீட்டர் வாசிக்கிறவன் நான்.