ஒரு செக்கனுக்கு மூன்று

கோபத்துக்கு நான் வைத்த அளவு
ஒரு செக்கனுக்கு மூன்று சொடுக்கு,
முப்பது புள்ளி வட்டத்துக்குள்.
இரண்டென்றால் பழக்கமாயிருக்கலாம்,
லிஃப்ட் பொத்தானைக்கூட இருமுறை அமத்துகிற ஆட்கள் உண்டு.
மூன்றென்றால் எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்,
ஜாவாஸ்கிரிப்ட்டில், இருநூற்றுப் பதினான்கு வரியில்.

வேறு சிலதும் அதற்குத் தெரியும்.
சுட்டி காரணமின்றி வட்டமடித்தால்,
போன பக்கத்தின் வாசலிலேயே திரும்பி வந்தால்,
ஒரே படிவத்தை விட்டுவிட்டு அனுப்பினால்,
மேலும் கீழும் மேலும் கீழும் உருட்டினால்.
பெயர் கேட்காது. முகம் பார்க்காது.
கை பதறுகிறதா,
அதுமட்டும்.

பம்பலப்பிட்டியில் ஏழாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே கடல் உண்டு,
ஏசிக்காகச் சீலை இழுத்து மூடியிருக்கும்.
வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்
டொக்டர் சனல் பண்ணுகிற தளமொன்றில் பூட்டினோம்.
திங்கள் காலை ஹசந்தி தேத்தண்ணியோடு வந்து
திரையைத் தொட்டுக் காட்டினாள்.
பக்கம் முழுக்க ஆறிப்போன நீலம்.
வலது மூலையில் மட்டும் சிவப்பாய் ஒரு கொப்புளம்.
மூன்று மொழி எழுதிய இடம்.
அதில் நடுவில் உள்ளது.

தமிழ் என்று வரைந்திருந்தது.
வரைந்து மட்டும்தான் இருந்தது.
நிறம் கொடுத்திருந்தார்கள், ஓரம் வளைத்திருந்தார்கள்,
சுட்டி மேலே போனால் கொஞ்சம் வெளுக்கவும் செய்தது.
அடியில் எதுவும் இணைக்கவில்லை.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் செத்த சொடுக்கு.
ஆறு மாதமாக.
நானே அந்தப் பக்கத்தை நூறு தரம் திறந்திருப்பேன்,
இங்கிலீஷில்.

இம்தாத் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டினான்.
இரவு இரண்டு பத்துக்கு ஒருவர்
நாற்பத்தொரு முறை.
பிறகு சிங்களத்தில் குழந்தை வைத்தியர் பட்டியல்,
பிறகு திரும்பி, மறுபடியும் தமிழ்,
ஒன்பது முறை.
"இதுதான் ரெக்கோர்ட்" என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை, அவனும்.

சரிபண்ண எவ்வளவு நேரம், ஹசந்தி கேட்டாள்.
இருபது நிமிஷம்.
மொழிபெயர்ப்பு முன்னமே கிடந்தது,
யாரோ ஒழுங்காகச் செய்து கொடுத்த கோப்பு,
"நோயாளியின் பெயர்" தொடங்கி
"நீங்கள் விரைவில் நலம்பெறுக" வரைக்கும்.
பத்தரைக்குப் பொத்தான் உயிர்த்தது.
பகலைக்கு பிரியாணி எடுத்தோம்.

பின்னேரம்தான், தனியாக,
சிவப்பே படாத ஒரு பதிவைத் திறந்தேன்.
போன சனிக்கிழமை. ஒருவர் வருகிறார்.
தமிழை அமத்துகிறார்.
ஒருமுறை.
நாலு நிமிஷம் பன்னிரண்டு செக்கன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
திரை மங்குகிறது, தொட்டு எழுப்புகிறார்.
பிறகு சிங்களப் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாக,
பெயர், வயது, தொலைபேசி இலக்கம்,
ஒரு பிழையில்லாமல் நிரப்பி முடிக்கிறார்.
அவருக்கு நேரே என் நிரல் எழுதியிருக்கிறது:
எரிச்சல் இல்லை.

எண்பத்தெட்டாம் வரி.
மூன்றை அழித்தேன்.
ஒன்று என்று போட்டால் உலகமே கோபக்காரர்.
காத்திருப்பை அளந்தால்
தேத்தண்ணி ஊற்றப் போனவர்களும் சேர்ந்துவிடுவார்கள்.
வெற்றிடத்தில் கோடு மினுங்கி மினுங்கி நின்றது.
மூன்றையே திரும்பப் போட்டுவிட்டு இறங்கினேன்.

காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ், நெரிசல்.
வெள்ளவத்தையில் மணியை அடித்தேன், ஒருமுறை.
சாரதிக்குக் கேட்கவில்லையோ,
பாட்டுச் சத்தமோ, நிற்கவில்லை.
தெஹிவளைப் பாலத்தடியில் வேறு யாருக்கோ நின்றபோது
நானும் இறங்கி
திரும்பி நடந்து வந்தேன்.