தரையில் குடம் இல்லை

பழைய உதாரணம்.
தரையில் குடம் இல்லை என்பது
எப்படித் தெரிகிறது?
கண்ணால் கண்டா, ஊகித்தா,
இல்லை, காணாமையே தனியொரு வழியா?
நையாயிகர் ஒன்று சொல்ல, மீமாம்சகர் மறுக்க,
ஆயிரம் வருடமாக அந்தத் தரையில்
யாரும் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

நான் கடலூர் முதுநகர்க் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் கவுன்ட்டர்.
நாற்பத்தொரு வயதில் முதுகலை ஆய்வேடு.
தலைப்பு: இன்மையை அறிதல்.
"இல்லாததைப் பத்தி எத்தனை பக்கம்மா?"
என்றார் மேனேஜர்.
எண்பது சார், அடிக்குறிப்பு சேர்க்காமல்.

சனிக்கிழமைதோறும் பாண்டிக்கு ஒரு பஸ்,
அங்கிருந்து காலாப்பட்டுக்கு இன்னொன்று.
நெறியாளர் பெர்னதெத் என்னைவிட எட்டு வயது இளையவர்.
அவரை நான் மேடம் என்பேன்,
என்னை அவர் மேடம் என்பார்.
இரண்டு மேடம்களுக்கு நடுவில்
ஓர் அத்தியாயம் திருதிருவென்று விழிக்கும்.

முதல் வரைவில் மூன்று பக்கத்துக்குக் குறுக்கே கோடு.
அழகாக இருக்கிறது, வாதம் இல்லை.
(வாதம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது
எனக் கேட்டிருக்கலாம்.
கேட்கவேண்டியதெல்லாம்
பஸ் கன்னியக்கோவில் தாண்டிய பிறகுதான் வருகிறது.)

இரண்டாம் வரைவில் கோடு இல்லை.
குடம் இல்லை என்ற வரியருகே
பென்சிலில் இரண்டே சொல்:
எந்தத் தரை?

நான்கு நாள் ஒன்றும் ஓடவில்லை.

என் தரை சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது.
மோட்டார் போட்டால் டீ நிறத்தில் தண்ணீர்.
லாரி வரும் நாளில் வீட்டுக்குள் குடமே இருக்காது,
எல்லாம் தெருவில் நிற்கும்.
பச்சைக் குடம் பூங்காவனம்.
விளிம்பு நெளிந்த சில்வர் குடம் நான்.
அடியில் ஓட்டை விழுந்த ஒன்று
மூலைவீட்டுக் கஸ்தூரி.
தண்ணீர் பிடிக்க அல்ல,
அவள் வரும்வரை அவளாக நிற்க.
அதற்கு முன்னால் யாரும் நுழைந்ததில்லை.
முடியைப் பிடித்துச் சண்டை போட்டதுண்டு,
நுழைந்ததில்லை.

தரையில் குடம் இல்லை,
ஏனென்றால் நான் இல்லாத இடத்தில்
அது நானாக இருக்கிறது.

எழுதிவிட்டு எழுந்துபோய்
நேற்றுப் பிடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்தேன்.

மூன்றாம் அத்தியாயம் சிக்கிக் கிடந்த ஒரு விடியலில்
மதிலுக்கு மேல் பூங்காவனத்தின் தலை.
"ஏங்க, இன்னிக்கு நாத்தமே இல்ல, கவனிச்சீங்களா?"
அதுவரை இல்லை.
சொன்ன பிறகு மூக்கு தேடப் புறப்பட்டது.
அழுகிய முட்டை, நெயில் பாலிஷ்,
அதற்கும் அடியில் ஏதோ மருந்து.
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
ஒவ்வொன்றும் வராததை எண்ணியது.
அப்புறம் பயம் வந்தது.
எங்கே என்ன நின்றுபோயிற்று?

எதிர்பார்ப்பவருக்கே இன்மை தெரியும்
என்று அத்தியாயத்தை முடித்தேன்.
"இருபது வருஷமா எதிர்பார்க்கிறவங்க நீங்க.
அப்போ அந்தம்மா சொல்றவரைக்கும்
உங்களுக்கு ஏன் தெரியல?"
நல்ல அடி.
பதில் தேடி மேசையைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.
"எனக்கும் தெரியல மேடம்.
அதையே எழுதுங்க, தெரியலன்னு. காரணத்தோட."
தாளைத் திருப்பினார்.
"இதுக்கு ஆதாரம்?"

நூற்பட்டியலில், ப வரிசையில்,
ஒரு சமஸ்கிருதப் பதிப்புக்கும்
ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கும் நடுவே:
பூங்காவனம், வாய்மொழி, மதில்மேல், காலை ஐந்தே கால்.
மதில்மேல் என்பதை மட்டும் பெர்னதெத் அடித்தார்.

கருநீல அட்டை, நான்கு பிரதி.
ஒன்றை மேனேஜர் மேசையில் வைத்தேன்.
நகை எடை பார்க்கிற கை,
திறக்காமல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.
"எண்பதுன்னீங்களே?"