கல்லில் உரித்த நார்

கப்பலூருக்குக் கப்பல் வந்தாச்சு என்று
டோல்கேட்டில் சொல்லிச் சிரித்தார்களாம்.
வந்தது கப்பல் இல்லை. தூத்துக்குடியில்
ஐம்பது வருஷம் இழுவை வேலை பார்த்த படகின்
வயிறு மட்டும்,
இரண்டு லாரியில், தார்ப்பாய் போர்த்தி.

இரும்பைத் தட்டினால் உப்பு உதிர்ந்தது.
எடை போட்டபோது அந்த உப்புக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுத்திருந்தேன்.

கட்டிங் டார்ச்சோடு உள்ளே போன சோணைமுத்து
போன வேகத்தில் திரும்பினான்.
"அக்கா, புகைக்குழாய்க்கு மாவுக்கட்டு போட்டிருக்கு,
கால் ஒடிஞ்ச ஆளு மாதிரி."
தொடாதே என்றேன்.
ஓசியில் ஒரு வார்த்தை பேசாத புரோக்கர்
போனை வைக்கும்முன் சொல்லியிருந்தார்:
எஞ்சின் ரூம்ல வெள்ளையா இருந்தா
ஊதிப் பாக்காதீங்க.

ஃபேனை நிறுத்தினோம்.
தெளிப்பானில் தண்ணீர், அதில் சோப்பு இரண்டு சொட்டு.
இட்லித் துணியில் நீர் தெளிக்கிற நிதானத்தில்
நனைத்து, பொறுத்து, மறுபடி நனைத்து,
கத்தியை இரும்பில் முட்டும்வரை இறக்கினேன்.
மேல்சுற்று ஒரு பொட்டலம், அடிச்சாந்து ஒரு பொட்டலம்.
பைக்குள் பை. வெட்டிய வாய்க்கு டேப்.
சோணை எழுதினான்: ஒண்ணு. ரெண்டு.

நிமிர்ந்தால் தலைக்கு மேல்
பட்டறைக் கூரை, அலையலையாய், சாம்பல் நிறத்தில்.
ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முப்பத்தாறு.
அவனும் பார்த்தான்.
அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

கூரியர் பையன் கேட்டான், என்னக்கா பொருள்?
நார் என்றேன்.
ஆகாத காரியத்துக்குச் சொல்வோமே,
கல்லில் நார் உரிக்கிறது என்று;
எவனோ எங்கேயோ உரித்தேவிட்டான்.
உரித்து, நெருப்புக்குச் சட்டையும் தைத்துவிட்டான்.
பூவோடு சேராத நார். மணக்காது.
மணந்திருந்தால் மூக்காவது சொல்லியிருக்கும்.

பதினோராம் நாள் சென்னையிலிருந்து தாள் வந்தது.
ஒண்ணு: கண்ணாடி இழை. கல்நார் இல்லை.
அதற்குள் சோணை டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டான்.
ரெண்டு: பழுப்புக் கல்நார், நூற்றுக்கு நாற்பது.

பிற்பாடு வந்த மெக்கானிக் எவனோ
பழசை உரிக்காமல்
அதன்மேலேயே புதுச்சட்டை மாட்டியிருக்கிறான்.
சோம்பேறியா, விவரம் தெரிந்தவனா,
தாளில் அது இல்லை.

அன்றைக்கு ராத்திரி பழைய நோட்டுகளைப் புரட்டினேன்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம், என் கையெழுத்து:
பாம்பன் விசைப்படகு. குழாய்ச் சுற்று வெள்ளைக் கயிறு,
நாலு கிலோ. மொக்கராசு டீக்கடை பாய்லருக்கு.
தொகைக் கட்டத்தில்: இனாம்.

விடியுமுன் போய்விட்டேன். அடுப்பு பற்றவில்லை.
பாய்லர் இடுப்பில் கயிறு, பால் கறையோடு;
ஒரு முனை பிரிந்து பஞ்சு பஞ்சாய்த் தொங்கியது.
தினம் அதை உதறித் துடைத்துத்தான்
கடை திறப்பாராம்.

"பத்து நிமிஷம் ஆகும்மா, பால் வரலை."
டீ வேண்டாம், அந்த ஃபேனை நிறுத்துங்க என்றேன்.
கையில் தெளிப்பானைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.
"நல்லாத்தானே உழைக்குது," என்றார்,
"நீங்க குடுத்ததுதானே."