பெட்டைவழி

அப்பாவின் நோட்டில் நாற்பத்தோரு சேவல்கள்.
நிறம், எடை, கட்டின ஊர், தாங்கின தண்ணி,
தோற்றிருந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி.
காகத்துக்குப் பிறந்த கீரி,
கீரிக்குப் பிறந்த செங்கீரி,
விக்கிரமங்கலத்தில் நாலாம் தண்ணிக்குக்
கண் ரெண்டும் மூடிய பின்னும்
காதால் கேட்டு அடித்த வல்லூறு.
தாய்க்கென்றும் ஒரு கட்டம் போட்டிருந்தார்.
அதில் எங்கும் 'பெ' என்றொரு எழுத்து,
பக்கத்தில் புள்ளி.

இரை வைத்தவள் நான்.
அந்தப் புள்ளிகளை எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.
சட்டிமூக்கி.
மழைக்கு ஒதுங்காமல் நனைந்தே நிற்கிறவள்.
பருந்து நிழல் விழுந்தால் மற்றதெல்லாம் கத்திக்கொண்டு ஓட,
இடது காலைத் தூக்கிக்கொண்டு
பருந்தையே பார்த்து நின்ற கருப்பி.

அவருக்குப் பதினாறு முடிந்ததும்
செக்கானூரணியில் பத்திரம் எழுதுகிறவர் கடையில் உட்கார்ந்தோம்.
சேவல் ஏழு. தவமணி அண்ணனுக்கு நாலு,
ஒச்சப்பனுக்கு மூணு,
ஒன்று குறைந்ததற்கு மோட்டார் ரூம் சாவி.
விடைகள் சமபாகம்.
'இதர கோழிகள்' என்று கடைசியில் அரை வரி.
எனக்குக் கையெழுத்துப் போட ஓர் இடம்,
ஐயாயிரம், ஒரு சேலை.

"வேறென்ன வேணும் பவுனு?"
"கருப்பியத் தாங்க."
சிரித்தார்கள். அதற்கு ஒன்பது வயது.
முட்டை நின்று ஒரு வருஷம்.
"கொண்டு போ. ரெண்டு விசில் கூட விடு,
கறி நாரா இருக்கும்."

மேலக்கால் வழி பஸ். கட்டைப்பைக்குள் கருப்பி,
தலை மட்டும் வெளியே.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தான்.
அவள் கணக்கில் யாரோ எழுதிய முதல் காகிதம்.

சோழவந்தானில் மாமியார் மிளகு அரைத்து வைத்திருந்தார்.
நாளைக்கு என்றேன்.
நாளை அமாவாசை. அதற்கு மறுநாள் செவ்வாய்.
வியாழன் காலை கொடிக்கால் ஓரம்
அகத்திச் சருகில் ஒரு முட்டை.
பத்து நாளில் நாலு.
சேவலை விட்டு வந்தாலும்
கொஞ்ச நாளைக்குப் பெட்டைக்குள் உயிர் தங்கியிருக்கும்,
பத்திரம் எழுதுகிறவருக்கு இது தெரியாது.
ஒன்று கூமுட்டை. ஒன்றைக் கீரி தூக்கியது
(நிறமில்லை, நிஜக் கீரி).
பொரித்தது ரெண்டு. ஓர் ஆண், ஒரு பெண்.

ஏழு வருஷம் கழித்து, தையில்,
கொக்குளம் பக்கம் ஒரு தரிசில் வெத்துக்கால் கட்டு.
என் மகன் விட்டது கருப்பியின் பேரனுக்குப் பிறந்தது.
எதிரே தவமணி அண்ணன்,
முப்பதாயிரத்துக்கு வாங்கின சேவலோடு,
கொக்கு மாதிரி உயரம் அது.

முதல் தண்ணி முடியுமட்டும் எங்களது அடிக்கவேயில்லை.
இடது காலைத் தூக்கி, விரலை மடக்கி,
ஏதோ மறந்ததை யோசிக்கிற மாதிரி நின்றது.
அண்ணன் கையில் சொம்பு அப்படியே நின்றுவிட்டது.
அந்த நிற்பை அவர் அப்பாவின் சேவல்களில் பார்த்தவர்.
நான் பருந்துக்குக் கீழே பார்த்தவள்.

யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள்.
மூன்றாம் தண்ணியில் சமம் என்று பிரித்துவிட்டார்கள்.
எங்களதுக்கு ஒரு கண் போனது.

டீக்கடைக்கு வந்தார்.
"ஏது இது?"
"கொழம்புக்குக் கொடுத்தீகளே."
டம்ளரை ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.
அந்த வழியில் வீட்டில் இப்போது ஒன்றுமில்லை.
இதர கோழிகளை அந்த வருஷமே
சந்தையில் தள்ளியாயிற்று.
"ஒரு பெட்ட இருந்தா..." என்றார்,
தரையைப் பார்த்து.

பஸ் வந்துவிட்டது.
மடியில் சேவல், ஈரத்துணிக்குள் கொதிக்கிறது.
தருவேனா, தெரியவில்லை.
தந்தால் எதை என்று மட்டும்
மேலக்கால் தாண்டும்வரை யோசித்தேன்,
மழையில் நிற்கிறவளையா,
இன்னும் பேர் வைக்காத
சின்னவளையா.