திறக்காத குப்பி

எண்ணூர். இரவு இரண்டு பத்து.
ஈசிஜி தாளில் கோடு
ஆமை முதுகாய் வீங்கியிருந்தது.
கட்டி கரைக்கும் ஊசிமருந்து
என் உள்ளங்கையில் குளிர்ந்தது.

"பக்கவாதம் வந்ததுண்டா?"
இல்லை.
"ஆபரேஷன்?"
இல்லை.
"தலையில் அடி?"
கிரேன் ஓட்டும் எத்திராசு
மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு
இல்லை என்றார்.

தொப்பியைக் கழற்றினேன்.
சாயமடித்த முடிக்குள்
நான்கு தையல், இன்னும் பிரிக்காதது.
"வண்டியில விழுந்தேன்...
ஹெல்மெட் போடலன்னு திட்டுவா."
"அதான் மூணு நாளா தொப்பியா!"
திட்டவில்லை அவள்.
அவர் வேர்வையைத் துடைத்தாள்.

உறைந்த ரத்தம் எங்கிருந்தாலும் கரைக்கும்;
இதயத்தில் அடைத்ததா,
மண்டைக்குள் காயத்தை மூடியதா,
கேட்காது இந்த மருந்து.
கேட்க வேண்டியது நான்.

குப்பி ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது.
ஸ்டான்லிக்கு ஃபோன்:
ஆஞ்சியோ டீமை எழுப்புங்கள்.

கன்டெய்னர் லாரிகள் அடைத்த சாலையில்
நூற்றியெட்டு அலறிக்கொண்டு போகிறது,
விடு, வழி விடு.