இருபத்திரண்டு பேர் அளவு

நாலு மணி ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போதே
அடுக்களையில் விளக்கு எரிந்தது.
எட்டு வருசம் கழித்து டிசம்பரில் வீட்டில் நிற்கிற மனுசன்
எங்கள் மூன்று பேருக்காக
ஏழு கிலோ வெங்காயம் உரித்து வைத்திருந்தார்.

"என்னங்க இது?"
"கை அளவு மாற மாட்டேங்குது ரஞ்சிதம்.
எனக்கு இருபத்திரண்டு பேருக்குத்தான் தெரியும்."

முந்தின ராத்திரி
அச்சுமுறுக்கு அச்சை எண்ணெயில் முக்கி
உதறி உதறிச் சொன்னதெல்லாம் கப்பல் கதை.
பிலிப்பைன்ஸ் பையன்களுக்கு
தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட அரிசி அப்பம்.
"நம்ம ஆப்பத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி,
வாழையிலையில படுத்திருப்பா."
யோகோஹாமாவில் பொரித்த கோழிக்கு
ஒரு தெரு நீளம் வரிசை.
போர்த்துகல் எலக்ட்ரீசியனுக்கு
உப்புப் போட்டுக் காய்ந்த மீன்.
அடுத்த வீட்டு எஸ்தரக்கா
முறுக்கை வாயருகில் நிறுத்திவிட்டாள்.
"கருவாடா?
இயேசு பொறந்த அன்னைக்கா?"
"அவங்களுக்கு அது கறியவிட ஒசத்தி, மைனி."
"நாசமாப் போச்சு.
மணப்பாட்டுக்காரிகிட்ட சொல்லிராதீக,
நாளைக்கே வெலய ஏத்திருவா."

நார்வே கேப்டனுக்குப் பாலில் வெந்த அரிசிக் கஞ்சி.
அதில் தோலுரித்த ஒரே ஒரு பாதாம்.
அது யார் வாயில் அகப்படுகிறதோ
அவனுக்குச் சர்க்கரையில் செய்த பன்றிக்குட்டி.
நம் பாயசத்திலும் ஒன்று போட்டிருந்தார்.
யாருக்குப் போனதென்று இன்றுவரை தெரியாது.
மகன் பெனாயா மென்றா தின்கிறான்?

சீஃப் இன்ஜினியர் போலந்துக்காரர்.
கறியே இல்லாமல் பன்னிரண்டு வகை கேட்பாராம்.
மேசைவிரிப்புக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல்,
தொழுவ ஞாபகத்துக்கு.
நடுக்கடலில் வைக்கோலுக்கு எங்கே போக?
விளக்குமாற்றுக் குச்சி நாலை ஒடித்து வைத்தாராம்.
அப்புறம் ஒரு தட்டு, யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால்.
சொல்லாமல் யாராவது வந்துவிட்டால்?
"அத்துவானக் கடல்ல யாரு வருவா?"
"அத அவருகிட்ட நான் கேக்கல."

நான் எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டு வருசம் இந்த வீட்டிலும் அந்தத் தட்டு இருந்தது.
நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை.
கழுவி
கவிழ்த்தி வைத்தோம்.

"சரி, ஒங்களுக்கு?"
"என்னது?"
"ஆளாளுக்கு ஒண்ணு ஆக்கிப் போட்டீகள்லா.
ஒங்களுக்குன்னு என்ன பொங்குனீக?"
அச்சு எண்ணெயிலேயே நின்றது.
அந்த முறுக்கு கருகிப்போனது.
"ரசஞ்சோறு.
எல்லாவனும் தின்னுட்டுப் போன பொறவு,
சிங்க் பக்கத்துல
நின்னுக்கிட்டே."

கோயில் விட்டு வந்தோம்.
மழை பிடித்த தேரி மண் செருப்பில் சிவப்பாய் அப்பியிருந்தது.
இட்லிச்சட்டி மூடியைத் திறந்தால்
ஆவிக்குள் ஒரு தெருவுக்கான இடியாப்பம்.
ஆட்டுக்கறிக் குழம்பு
குளிக்கிற வாளி நிறைய.
இலைகள் மூன்று. நாலாவதாக ஒரு தட்டு.
பெனாயா கேட்டான், "இது ஆருக்குப்பா?"
"ஆராச்சும் வந்தா."

வாசலில் சைக்கிள் மணி.
கறிக்கடை பக்கீர் மைதீன்.
"பண்டிகை நாளும் அதுவுமா தப்பா நெனைக்காதீக.
பாக்கி நானூத்தம்பது..."
இவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.
நேற்று தான் வெட்டிக் கொடுத்த ஆட்டை
மறுநாள் குழம்பில் சந்தித்த பக்கீர்
ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:
"எலும்பு கொஞ்சம் கூடத்தான் போட்டுட்டேன் போல."

சிரித்த சிரிப்பில் பாக்கியை எல்லாரும் மறந்தோம்.
(பக்கீர் மறக்கவில்லை. திங்கட்கிழமை வந்தார்.)

மீதிக் குழம்பு தூக்குவாளி தூக்குவாளியாய்
மேலத்தெரு வரைக்கும் போயிற்று.
எல்லாருக்கும் கொடுத்து முடித்து
நான் திரும்பிப் பார்க்கையில்
அவர் அடுப்பு மேடையில் சாய்ந்து
தட்டைக் கையில் ஏந்தி
நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டூலைக் காலால் தள்ளினேன்.
பார்த்தார்.
கப்பல் ஆடுவதுபோல ஒரு நிமிசம் தடுமாறி
உட்கார்ந்தார்.
நான் ரசம் ஊற்றவில்லை.
கறிதான் வைத்தேன்.